ஞாயிற்றுக்கிழமை டூட்டி

ஒரே ஒரு பிரிக்பீல்ட்ஸில் ஒரே ஒரு பக்கிரிசாமி இருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர். மட்டன் இல்லாமல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது.

தொண்ணூற்று நாலில் ஒருநாள் கிளினிக்குக்குப் போய் வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கொழுப்பு ஏறிவிட்டதாம். இனி வீட்டில் மட்டன், தேங்காய்ப் பால் எதுவும் ஆகாதாம். சோயா பால், சோயாவில் செய்த தௌஹு, அவ்வளவுதானாம்.

மனைவி நல்லம்மாள் அன்றைக்கே கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். தௌஹு சாம்பார், தௌஹு பிரட்டல், காலையில் சோயா பால். அக்கம்பக்கத்தில் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அந்த ஆளுக்கு நெஞ்சு சரியில்லை என்றால் இவள் ஏன் பத்தியம் இருக்க வேண்டும் என்று.

அவள் தம்பி பாலன் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். ஒரு ஞாயிறு மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மூலை மேசையில் மாமா. இலை நிறைய மட்டன் பிரட்டல். நல்லியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு உங்களுக்கு டூட்டின்னு அக்கா சொன்னுச்சு. இதுதான் டூட்டியா மாமா?"

பக்கிரிசாமி எலும்பைக் கீழே வைக்கவில்லை. "உக்காரு மாப்ள."

"உக்கார வரல. உங்க நெஞ்சுக்காகத் தௌஹு தின்னு தின்னு எங்கக்காவே தௌஹு மாதிரி வெளுத்துப்போச்சு. இப்பவே போன் போட்டுச் சொல்றேன்."

கல்லாப் பக்கம் போய் போனை எடுத்தேவிட்டான்.

"சொல்லு. நாளைக்கே கறிச்சட்டி அடுப்புல ஏறிடும் லா," என்றார் பக்கிரிசாமி. "என் நெஞ்சுக்கு ஒன்னுமில்ல. கொழுப்பு உங்கக்காவுக்கு."

பாலன் திரும்பினான்.

"கறிய விட்டுட்டு சோயா சாப்பிடுங்கன்னு டாக்டர் அவகிட்டதான் சொன்னாரு. எனக்குன்னு தனியா ஒரு சமையலான்னு சிரிச்சுட்டா. நான் மிச்சம் வைக்கிற கறியத்தான் தெனம் சட்டியோட வழிச்சுத் தின்னா. பாத்தேன். அவ வியாதிய என் பேருக்கு மாத்திக்கிட்டேன்."

பாலன் போனை வைத்தான்.

"மீசையில கொழம்பு இருக்கு மாமா. தொடச்சிட்டு வீட்டுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு லோரியைப் பார்த்து நடந்தான்.