உச்சந்தலை உயரம்

அவள் விரல்கள் எறும்பு போல் சுவரில் ஏறின. தோளைத் தாண்டியதும் அக்குள் தழும்பு சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரலளவு ஏற்றினாள்.

“இன்னைக்குப் போதும்மா,” என்றாள் பிசியோதெரபிஸ்ட். “மார்புல ஆபரேஷன் ஆனவங்க வலிக்குதுன்னு பாதியிலேயே ஓடிடுவாங்க. நீங்க என்னடான்னா வெறி பிடிச்ச மாதிரி செய்யறீங்க.”

“ஒருத்தன் உட்கார்ந்திருக்கும்போது, அவன் உச்சந்தலைக்கு என் கை எட்டணும். நடுங்கவும் கூடாது.”

“நிச்சயம் பண்ணிட்டு, கேன்சர் சிகிச்சை நடக்கும்போது கழண்டுக்கிட்டானே, அவனா?”

“அவனேதான். போறப்போ ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனான். அது இன்னும் நெஞ்சுல முள்ளா குத்துது.”

“அடிதடியெல்லாம் வேண்டாம்மா.”

“ஒரு கீறல்கூட விழாது. சத்தியமா.”

சில மாதங்கள் கழித்து, திருமண மண்டபத்தில் மாப்பிள்ளை அறை. கண்ணாடி முன் அவன் கண்மூடிச் சாய்ந்திருந்தான். சலூனிலிருந்து வந்திருந்த பெண்ணை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முகக்கவசமும் ஒட்ட வெட்டிய முடியும்தான் தெரிந்திருக்கும்.

“ஓரத்துல லேசா எடுத்தா போதும். மேடைக்கு நேரமாச்சு.”

“சரிங்க.”

முடிவெட்டும் மெஷின் நெற்றியில் ஏறி, உச்சந்தலை வழியாகப் பிடரி வரை ஒரே இழுப்பாக ஓடியது. கை துளியும் நடுங்கவில்லை.

கண்ணாடியைப் பார்த்தவன் துள்ளி எழுந்தான். “ஐயோ, இந்தத் தலையோட எப்படி மேடையில நிக்கறது?”

அவள் முகக்கவசத்தை இறக்கினாள்.

“கீமோவுல என் முடி கொட்டினப்போ நீங்க என்கிட்ட கேட்டதும் இதேதான். கவலைப்படாதீங்க, முடிதானே? எனக்கு வளர்ந்துடுச்சு பாருங்க.”