தனி டம்ளர்

வீடிழந்து படிப்பு நின்றுபோகும் கிராமத்துப் பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்க, ஒரு தொண்டு நிறுவனத்தில் பெயர் கொடுத்திருந்தாள் சந்திரிகா. 'இன்று பெண் வருவாள்' என்று போன் வந்தது. சொன்னபடியே, தோளில் பையோடு பாணேர் பகுதியிலிருந்த அவர்கள் ஃபிளாட் வாசலில் வந்து நின்றாள் ஒரு பெண்.

"வாம்மா, பேரென்ன?" தெரிந்த ஹிந்தியில் கேட்டாள் சந்திரிகா.

"ரேணுகா." சந்திரிகா காட்டிய அறைக்குள் நேரே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். "உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லையே, ஆன்ட்டி?"

சந்திரிகாவுக்குச் சுருக்கென்றது. "நாங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா!"

"இருந்தாலும் போட்டுடுங்க."

வந்ததும் வராததுமாக என்ன அதிகாரம்! கணவர் ஸ்ரீவத்சன் மட்டும் சத்தமில்லாமல் கார்பென்டருக்கு போன் போட்டார்.

சந்திரிகா கோபத்தை அடக்கிக்கொண்டாள். "உனக்குன்னே புதுசா தட்டு, டம்ளர் வாங்கித் தனியா வெச்சிருக்கேன், பாரு."

ரேணுகா அவற்றை எடுத்து, வீட்டுப் பாத்திரங்களோடு கலந்து அடுக்கினாள். "தனியா வெச்சா சோறு இறங்காது, ஆன்ட்டி."

பிறகு பால்கனிக்குப் போய்க் கீழே கையசைத்தாள். ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் இறங்கினார்கள்.

"யாரு அவங்க?"

"இங்க தங்கப்போற கோமல், அவ அம்மா. வீட்டைப் பார்த்து நான் சரின்னாதான் அனுப்புவாங்க. அதான் என் வேலை. நான் சொன்னதும் அங்கிள் போன் போட்டாரே, அது போதும்."

"இந்த வயசுல இதையெல்லாம் யாரு கத்துக் கொடுத்தாங்க?"

"நான் தங்கியிருந்த வீடுங்கதான், ஆன்ட்டி."

சந்திரிகா மெல்ல ரேணுகாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க" என்றாள்.