எடைக்கு எடை

நான் உட்கார்ந்ததும் துலாபாரத் தராசில் என் பக்கத் தட்டு டங்கென்று தரையில் மோதியது.

ஆடிக் கிருத்திகை. எங்கள் ஊர் மலைமேல் முருகன் கோயில் மண்டபத்தில் ஊரே நிற்கிறது. நடுவில் பாவாடை தாவணியும் கழுத்து நிறைய மாலையுமாக நான்.

எதிர்த் தட்டில் பூசாரி தாண்டவராயன் மண்டை வெல்லத்தை எடுத்து எடுத்து அடுக்குகிறார். உத்திரமேரூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த இரண்டு சிப்பம் வெல்லம். என் எடைக்கு எடை போடுவதாக அம்மா எப்போதோ வேண்டிக்கொண்டாளாம். எதற்கு என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். வேண்டுதல் முடிகிற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாதாம்.

சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? பெண் இளைக்கணும். வேறென்ன இருக்கப்போகிறது!

பள்ளிக்கூடம் திறந்ததுமே எல்லாரையும் மெஷினில் ஏற்றி நிறுத்து, குண்டாக இருக்கிற பெண்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். என்னைப் பொறுக்க மெஷினே தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து காலையில் மைதானம். சுகிர்தா மிஸ் விசில் ஊதினால் நாய் துரத்துகிற மாதிரி ஓட வேண்டும். மறுபடி ஊதினால் நடக்க வேண்டும். அப்பாடா என்பதற்குள் அடுத்த விசில். இதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. பையன்கள் வைத்த பெயர் 'லோடு வண்டி'.

இத்தனை ஓடியும் எடை அரைக் கிலோகூட அசையவில்லை. அது கிடக்கட்டும், முன்னை மாதிரி மூச்சு வாங்குகிறதா பார் என்றார் மிஸ். வாங்கவில்லைதான். ஆனால் மூச்சு யார் கண்ணுக்குத் தெரிகிறது?

நான் ஓட ஆரம்பித்ததிலிருந்து அம்மாவின் முகமே சரியில்லை. எதையோ யோசித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு நாள், இந்தக் கிருத்திகைக்கே துலாபாரம் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மெஷின் பார்த்தது போதாது, ஊரும் பார்க்கட்டும் என்று நினைத்துவிட்டாள். பெற்றவளே இப்படி என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதல் சிப்பம் காலி. இரண்டாவதும் காலி. பூசாரி சாக்கை உதறிக் காட்டினார்.

என் தட்டு அப்படியே கிடந்தது.

"உண்டியலத் தூக்கி வையி பூசாரி, அப்பவாச்சும் ஏறுதா பாக்கலாம்!"

ஸ்ரீகாந்த். என் வகுப்புதான். ஊரே சிரித்தது. எனக்கு அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது.

குறையாக நிறுத்தினால் சாமிக்கு ஆகாது, இன்னும் ஒரு பை வேண்டும் என்றார் பூசாரி. அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையைக் கழற்றி அவள் கையில் திணித்தேன். தாவணியை இழுத்துச் செருகினேன். விசில் யாரும் ஊதவில்லை. நானே ஓடினேன்.

படி இறங்கி, அடிவாரத்து மளிகைக் கடையில் ஒரு பை வெல்லத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். வேடிக்கை பார்க்கக் கூடவே ஓடிவந்த ஸ்ரீகாந்த் பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நல்லா வேணும்.

மறுபடி தட்டில் ஏறி உட்கார்ந்தேன். பூசாரி பையைக் கவிழ்த்தார். என் தட்டு மெல்லத் தரையை விட்டு எழும்பியது. கற்பூரம் காட்டினார்கள்.

இறங்கின கையோடு அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"முடிஞ்சிதில்ல? இப்பச் சொல்லு. நான் எளைக்கணும்னுதானே வேண்டிக்கினே?"

அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"எளைக்கவா? இன்னாடி பேசுற! பொறக்கசொல்லோ ஒண்ணேகால் கிலோ நீ. கண்ணாடிப் பொட்டில வெச்சிட்டு, தொடக்கூட வுடல என்னை. இதுக்கு ஒடம்புல சதை புடிச்சா எடைக்கு எடை போடுறேன்னு முருகன் கிட்ட அழுதேன். இன்னும் கொஞ்சம் தேறட்டும், இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு வருசா வருசம் தள்ளிக்கினே வந்தேன். இப்ப இன்னாடான்னா நீ வெடிஞ்சா ஓடிக்கினு கீற. இருக்கறதும் கரைஞ்சிடப் போவுதுன்னுதான் அவசரமா முடிச்சேன்."

நான் சன்னதியைப் பார்த்தேன். முருகன் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா மாலையைத் திரும்ப என் கழுத்தில் போட்டாள். என் கையை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ரெண்டு சிப்பத்துலயே மிச்சமாவும்னு இல்ல நெனச்சேன்!"