அய்யாவுவின் வலத்தோள்

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதா, முப்பத்தொன்றா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றப் போவதாகப் பேச்சு.

ரப்பர் பால்வாளி சுமந்து அய்யாவுவின் வலத்தோள் மாதக்கணக்காக வலித்தது.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்கு வா. என் முட்டிய தினமும் உருவி விடுறாங்க, தேவலாம்,” என்றாள் தங்கை அங்கம்மா.

“போடி! நோயாளி புக்குல பேர் ஏறினா மொதக் கப்பல் உனக்குத்தான்.”

அவன் யாருக்கும் தெரியாமல் இடக்கையால் மரம் சீவினான்.

ஒரு காலை கங்காணி கப்பலேறுவோர் பட்டியலை வாசித்தார். முதல் பெயர் அய்யாவு.

“சீக்காளிகளைக் கப்பல்ல ஏத்தமாட்டாங்களாம். திடமா இருக்கறவங்கதான் போகணும்.”

“எனக்கும் தோள் வலிக்குதுங்க!”

“இன்னைக்குத்தானா?” என்று கங்காணி சிரித்தார்.

லாரி கிளம்பியபோது அவன் தங்கைக்கு இடக்கையைத்தான் அசைத்தான்.

அங்கம்மா முட்டி குணமாகி, அதே தோட்டத்தில் இருபது வருஷம் உழைத்தாள். ஊருக்குப் போன அய்யாவுவுக்கு வலக்கை கடைசிவரை எழவில்லை.