வளைந்த குழாய்

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக அம்மா, வந்தவர் கையில் வாளியைத் திணித்தாள்.

"சிங்க் அடைச்சிடுச்சு. கல்வி ஆபீசர் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. பொண்ணை வீட்டுலயே படிக்க வைக்கிறோம். இன்னைக்குன்னு பார்த்து ஒரு பாடமும் நடக்கல."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். மகளும் பக்கத்தில் குந்தினாள்.

"குழாய் ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?"

"நீயே யோசியேன்."

"வளைவுல எப்பவும் தண்ணி நிக்குது. அதனாலதான் சாக்கடை நாத்தம் மேல வரலையா?"

"அடேங்கப்பா. சரி, தண்ணி வத்திட்டா?"

அழைப்பு மணி அடித்தது. ஆபீசர்தான் என்று அம்மா பதறி ஓடினாள்.

"பிளம்பர்ங்க. லேட்டாயிடுச்சு."

அம்மா சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கம்மா," என்றார் சிங்க்கடியில் இருந்தவர். "பாடம் பாதியில இருக்கு. முடிஞ்சதும் வீட்டுல படிக்கிறதுக்கான அனுமதியில கையெழுத்துப் போட்டுடறேன்."