நாற்பது மீட்டர்

ஒரே தளத்தில் இணையாக இல்லாத எந்த இரண்டு கோடுகளும் நீட்டினால் எங்காவது சந்தித்தே தீரும். கோட்டுத்துண்டுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள் தாலுகா அலுவலக வரைவாளர் வளர்மதி. மேசையில் நிலவரைபடம் விரிந்திருந்தது. காலனியிலிருந்து புறப்பட்ட சுடுகாட்டுப் பாதை, ஊர்த்தலைவரின் வயல் வரப்போடு நின்றுவிட்டது. சுடுகாடு நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது.

தாசில்தார் பாதையின்மேல் அளவுகோலை வைத்தார். "நேரா இழுத்தா சேருதுல்ல? பாதை இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. காலனிக்காரங்க மனுவ முடிச்சிரலாம். பொணம் என்ன, வழி தெரியாமத் திரும்பியா வந்துரும்?"

அவரே சிரித்துக்கொண்டார். போன ஐப்பசியில் அந்த நாற்பது மீட்டர் சேற்றில்தான் அவள் அப்பாவின் பாடை இரண்டு முறை சரிந்தது.

"சேரல சார்" என்று சொல்லிவிட்டு வளர்மதி பேனாவை மூடினாள்.