ஆமை ஏலத்தில் எடுத்த கார்

ஆமைக்கு எதற்குக் கார் என்று கேட்காதீர்கள். ஆசை வந்துவிட்டது. ஏல மைதானத்து வாசலிலேயே, "வியாபாரி லைசென்ஸ் இருக்கிறவங்கதான் ஏலம் கேட்கலாம்" என்று தடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் வைத்திருந்த கொக்கைக் கூலிக்குப் பிடித்துக்கொண்டு ஆமை உள்ளே போனது.

இரண்டு கார்கள் மிச்சம் இருந்தன. சிவப்புக் காருக்கு மூக்கு நசுங்கியிருந்தது. "லாரி இடிச்சிடுச்சு. வண்டி பேப்பர்லயே விபத்து வண்டின்னு முத்திரை குத்தியிருக்காங்க. மத்தபடி ஓடுவேன்" என்றது.

வெள்ளைக் கார் பளபளத்தது. "என் பேப்பர் சுத்தம்" என்றது.

"என்ஜின் எப்படி?"

"பேப்பர் சுத்தம்."

ஆமைக்குத் தலை சுற்றியது. "நீங்களாவது சொல்லுங்க, கொக்கண்ணே."

"ஏலம் கேட்க இறக்கையைத் தூக்கத்தான் எனக்குக் கூலி, தம்பி. பார்த்துச் சொல்றதுக்கு இல்லை."

ஆமை வெள்ளைக் காருக்குள் ஏறி மோந்து பார்த்தது. அச்சு அசல் தன் குளத்து வாசனை! இப்படி ராசியான வண்டி வேறெங்கே கிடைக்கும்?

"தூக்குங்கண்ணே!"

கொக்கு தூக்கியது. கார் ஆமைக்கே வந்துவிட்டது.

ஆமை சாவியைத் திருகியது. சத்தமே இல்லை. மறுபடியும் திருகியது. பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தவளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"வெள்ளம் வடிஞ்சிடுச்சாண்ணே?"